லேபல் எழுதின கை

மாமாவின் கையெழுத்தை மட்டக்களப்பில் ஒரு தலைமுறையே வாசித்திருக்கிறது. கசெட் பெட்டிக்குள் இருக்கும் சின்ன மட்டையில் படத்தின் பெயரைச் சிவப்புப் பேனையாலும் பாட்டின் முதலடியை நீலப் பேனையாலும் எழுதுவார். ‘ழ’வின் வால் எப்போதும் அடுத்த வரிக்குள் இறங்கிவிடும். எண்பதுகளின் நடுவிலிருந்து சுனாமி வரைக்கும் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட அவருக்கு ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. பார் என்றதும் வேறு எதையாவது நினைக்கவேண்டாம். ஆறடி அகலத்தில் ஒரு கடை, இரண்டு டபுள் டெக், எல்பி தட்டுப் போடுகிற ஒரு பெட்டி, சுவர் முழுக்கத் தட்டுகள், தலைக்கு மேலே கிறீச்சிடும் ஒரு விசிறி.

கொப்பி ஒற்றையில் பாட்டுகளை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு நாள் கழித்து வரச்சொல்லுவார். சி-60 கசெட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறு பாட்டு அடங்கும். சி-90 என்றால் ஒன்பது. ஆனால் கணக்கு ஒருநாளும் இவ்வளவு நேராக வராது. ஒரு பாட்டு நாலரை நிமிடம், இன்னொன்று ஐந்தே முக்கால். பக்கம் முடியும்போது பாட்டு நடுவில் அறுந்தால் அந்தப் பார்க்காரனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். மாமா கடதாசியில் நிமிடங்களைக் கூட்டிக் கழித்து, நாங்கள் எழுதிக் கொடுத்த வரிசையைக் கலைத்து, அறாமல் அடுக்குவார். அப்படி அடுக்கினாலும் ஒரு பக்கத்தில் இரண்டு நிமிடம், மற்றப் பக்கத்தில் மூன்று நிமிடம் மிஞ்சும். வேறு கடைகளில் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். மாமா விடமாட்டார்.

அந்த மிச்ச நிமிடங்களில்தான் எங்கள் ஊர்க் குரல்களை நான் முதன்முதல் நாடாவில் கேட்டேன். இலங்கை வானொலியில் போன மெல்லிசைப் பாட்டொன்றின் ஒரு சரணம், ஒரு பொப் பாட்டின் தொடக்கம், கோயிலடியில் பிடித்த, கோலடித்து ஆடும் வசந்தன் கூத்துப் பாட்டில் நாலு அடி. நீங்கள் எழுதிக் கொடுத்தது இளையராஜா. கடைசியில் வந்து நிற்பது ஆரையம்பதியில் யாரோ ஒருவரின் மத்தளம். சிலர் திரும்பக் கொண்டுவந்து சண்டை பிடித்திருக்கிறார்கள். “நான் கேட்ட பாட்டுக்குத்தானே காசு தந்தது, இது என்னத்துக்கு?” “அதுக்குக் காசு எடுக்கல்ல தம்பி, சும்மா கேளு” என்பார்.

திருட்டுத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் தட்டுப் போட்ட கம்பனிக்கு மாமாவின் கடையிலிருந்து ஒரு சதம் போனதில்லை. பிலிப்ஸ் கம்பனி 1963இல் வெளியிட்ட அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, இசைத்தட்டுக் கம்பனியை ஒருநாளும் கண்டிராத ஊர்களையும் பாட்டு விற்கிற ஊர்களாக்கிவிட்டது. இந்தியாவில் எச்எம்வியின் தனிக்காட்டு ராஜ்ஜியம் எண்பதுகளில் முடிந்ததும் கசெட்டால்தான். மாமா ஆறடிக் கடையில் செய்ததைப் பெரிய அளவில் செய்து பணக்காரரான ஆட்களும் அங்கே உண்டு. மாமா பணக்காரராகவில்லை. அந்த விசிறியைக்கூட மாற்றவில்லை.

(பாட்டுப் பதிகிற கதை மட்டக்களப்பில் எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் மீனைத்தான் சொல்லுவேன். புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க யேசுசபைக் குரு, பாதர் லாங், கல்லடிப் பாலத்தடியில் தண்ணீருக்குள் கேட்கும், பாடுமீனுடையது என்று ஊர் சொல்லும் அந்த ஒலியைப் பதிவுசெய்தார். 1960களில் அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. பாடினவருக்கு றோயல்ரி எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.)

வாழைச்சேனை, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊருக்கு ஊர் பார் இருந்தது. புதுத் தட்டு ஒன்று ஒருவரிடம் வந்தால் அதன் கொப்பி பஸ் கொண்டக்டரின் கையில் பார்சலாக அடுத்த ஊருக்குப் போகும். மாமாவிடமிருந்து கூத்துக் கசெட் தெற்கே போகும். காத்தான்குடிக் கூட்டாளியிடமிருந்து நாகூர் ஹனிபா வரும். மட்டை பச்சைப் பேனையால் எழுதியிருக்கும். 1990 ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்தப் பார்சல் போகவுமில்லை, வரவுமில்லை. ஏனென்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் காத்தான்குடிக் கூட்டாளி கடை வாசலில் வந்து நின்று, “பழைய ஹனிபா ஏதும் கிடக்கா? என்டதெல்லாம் போயிட்டு” என்று கேட்டார். மாமா உள்ளே போய்த் தேடியெடுத்துக் கொப்பி அடித்துக் கொடுத்தார். மிச்ச நிமிடத்தில் என்ன போட்டார் என்று இன்றைக்கும் சொல்லமாட்டார்.

பெரிய கம்பனியை நம்பாமல் தாங்களே பாட்டு வெளியிடுவதற்கு ‘இண்டி’ என்று பெயர். அந்தச் சொல்லை எனக்குச் சொல்லித்தந்தது என் அக்காவின் மகன். கல்லடியில் ஓர் அறைக்குள், சுவரில் மெத்தையைச் சாத்திவைத்துக்கொண்டு ராப் பாடுகிறவன். மீன்காரரின் ஹோர்ன் பதிவுக்குள் வராமல் இருக்கவேண்டுமென்றால் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் பாடலாம். அவன் ஒருநாள் மன்செஸ்டர் கதை சொன்னான். பஸ்காக்ஸ் என்ற குழு, கூட்டாளிகளிடமும் வீட்டாரிடமும் புரட்டிய சுமார் 500 பவுணை வைத்து, கம்பனி எதையும் கேட்காமல் 1977 ஜனவரியில் நாலு பாட்டுத் தட்டு ஒன்றைத் தாங்களே வெளியிட்டது. முதலில் அடித்தது 1000. முடிய முடிய அடித்து 16,000 வரை போனது. எனக்குப் பிடித்தது அந்தத் தட்டின் உறை. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது தடவை பாடியபோது எடுத்தது, மேலே ஏதும் சேர்த்ததா இல்லையா என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். சமையலை விற்கும்போது கறிக்கு என்ன போட்டோம் என்பதையும் சொல்லி விற்பது மாதிரி. அதைப் பார்த்த பெடியன்களுக்கு இது நம்மாலும் ஏலும் என்று தோன்றியிருக்கும்.

தட்டு அடிப்பது லேசு. கடைக்குக் கடை கொண்டுபோவதுதான் பாடு. லண்டனில் 1976இல் கடையாகத் தொடங்கி 1978இல் தட்டு வெளியிடும் லேபலாகவும் ஆன ரஃப் ட்ரேட், பிரிஸ்டல், யோர்க், எடின்பரோ, லிவர்பூல் கடைக்காரர்களோடு சேர்ந்து ஒரு விநியோக வலையைக் கட்டியது. ‘கார்டெல்’ என்று அதற்குப் பெயர். மருமகன் அதைப் பெரிய புதுமையாகச் சொன்னான். எனக்கோ கொண்டக்டரின் மடியிலிருந்த பார்சல்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் தங்கள் தட்டை அனுப்பினார்கள், நாங்கள் ஊரான் தட்டை அனுப்பினோம். அந்த வித்தியாசம் பெரியது, மறைக்கத் தேவையில்லை. ரஃப் ட்ரேடின் விநியோகப் பிரிவு 1991இல் கடனில் விழுந்து உடைந்தபோது, அதை நம்பியிருந்த சின்ன லேபல்களுக்கு வரவேண்டிய காசும் அதோடு போனது. நடுவில் நிற்கிறவன் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு என்றதும் 1994க்கு வரவேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு ஆடிய வசந்தனை மாமா ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிந்தார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு முன்னுக்கு, சல்லாரி என்கிற கைத்தாளம் போடுகிறவர் பக்கத்தில், பிற்பாட்டுக்காரர்கள் பின்னுக்கு. மைக்குக்குக் கிட்ட யார் நிற்பது, யார் தள்ளி நிற்பது என்பதுதான் அன்றைய மிக்சிங். பிள்ளைகளின் கோல்கள் அடிபடும் சத்தம் கிட்ட வந்து தள்ளிப்போவது நாடாவில் தெளிவாகக் கேட்கும். இருபது கசெட்டை அண்ணாவியார் எடுத்துக்கொண்டு தான் விற்பது, மிச்சத்தை மாமா விற்பது என்று பேச்சு. எழுத்து ஒன்றுமில்லை. மட்டையில் ‘வசந்தன் – ஆரையம்பதி’ என்று மட்டும் எழுதினார். பாடியவர் பெயர் இல்லை. “அந்தக் குரல் ஆருக்குத் தெரியாது?” என்று பிறகு எனக்குக் காரணம் சொன்னார்.

எழுத்தில்லாத பேச்சு எங்கள் ஊருக்கு மட்டும் உரியதில்லை. மன்செஸ்டரில் 1978இல் தொடங்கிய ஃபாக்டரி லேபல், 1992இல் நொடித்துப்போகும் கட்டத்தில் பெரிய கம்பனியொன்று அதை வாங்க வந்தது. கட்டைத் தட்டிப் பார்த்தால், விற்கக்கூடிய உரிமை பெரும்பாலும் லேபலின் கையிலேயே இல்லை. பாட்டெல்லாம் பாடகர்களுக்கே சொந்தம் என்ற கொள்கையில் அத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள். அங்கே எழுத்தில்லாதது பாடியவர்களைக் காப்பாற்றியது. இங்கே அது அண்ணாவியாரைக் காப்பாற்றவில்லை, மாமாவையும் காப்பாற்றவில்லை. ஏனென்றால் அண்ணாவியார் பதிவு மாமாவுடையது என்று நினைத்தார், மாமா அது அண்ணாவியாருடையது என்று நினைத்தார். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில் நாடா ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடை அழியவில்லை, அலை பட்டணத்துக் கடைக்குள் வரவில்லை. மாமாவின் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. மாஸ்டர் நாடாக்களைக் கள்ளருக்குப் பயந்து வீட்டில்தான் வைத்திருந்தார். மாமியும் அவரும் உயிர் தப்பினார்கள். அதற்கு மேல் நாடாவைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்? அந்த பிஸ்கட் டின் கடையில் மறந்துபோய்க் கிடந்தது. மறதியால் பிழைத்தது அது ஒன்றுதான்.

இனி மருமகனின் கதை. ஸ்பொட்டிபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. அந்த வருஷமே அவன் தன் முதல் பாட்டை ஏற்றினான். நேரே ஏற்ற முடியாது, நடுவில் ஒரு விநியோகத் தளம் வேண்டும். 1998இல் சிடி விற்கும் கடையாகத் தொடங்கிய சிடி பேபி 2004இலிருந்து அந்த வேலையைச் செய்கிறது. டிஸ்ட்ரோகிட் 2013இல் வந்தது. இன்னும் பல உண்டு. வருஷச் சந்தா கட்டினால் எத்தனை பாட்டும் போடலாம் என்பது சில தளங்களின் முறை. அவன் எடுத்த தளத்துக்கு வருஷம் ஏறக்குறைய 20 டொலர், அப்போதைய விலையில் 4000 ரூபாய். ஒரு கிழமைக்குள் அவனுடைய பாட்டு ஒஸ்லோவிலும் கேட்கும், ஓட்டமாவடியிலும் கேட்கும். நான் உண்மையிலேயே அசந்துபோனேன். மாமாவின் கசெட் கல்முனை தாண்டவே மூன்று பஸ் பிடிக்கும்.

2022 வந்தது. டொலர் 360 ரூபாய். நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை கரண்ட் இல்லை. சந்தா 7000க்கு மேலே போனது, அவனுடைய வங்கி அட்டையால் வெளிநாட்டுக்குக் கட்டவும் விடவில்லை. கட்டாத சந்தாவுக்குத் தளம் செய்யவேண்டியதைச் செய்தது: பாட்டுகளை எல்லாக் கடையிலிருந்தும் இறக்கிவிட்டது. மாமாவின் கசெட்டை வாங்கினவன் வீட்டில் அது இன்றைக்கும் கிடக்கும். இவனுடைய பாட்டு வாடகை வீட்டிலிருந்த பிள்ளை மாதிரி; வாடகை நின்றதும் தெருவில். ஏழு மாதம் கழித்துத் திரும்ப ஏற்றினபோது கேட்ட எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் உண்டு. பழையதையே திரும்பக் கொடுத்திருந்தால் பழைய கணக்கோடு சேர்ந்திருக்க வாய்ப்பிருந்தது. அதை அவன் குறித்துவைக்கவில்லை. பாட்டுப் போடுகிற தம்பிமார் தங்கைமார் இதை வாசித்தால், எழுந்துபோய் முதலில் அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவையுங்கள். பிறகு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

காசு? ஒரு தடவை கேட்டதற்கு ஒரு அமெரிக்கச் சதம்கூட இல்லை. 2024இலிருந்து ஸ்பொட்டிபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அந்தச் சொற்பமும் கிடையாது. பாட்டை நேரே விற்கவிடுகிற பான்ட்காம்ப் தளம் இதைவிட எவ்வளவோ மேல். டிஜிட்டல் விற்பனையில் 15 வீதத்தையும் காசு கடத்தும் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பாடகருக்கே விடுகிறது. கொரோனாக் காலத்தில் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் வேண்டாமென்று விட்டது. ஆனால் அது காசு கொடுத்தது பேபால் வழியாக. மருமகன் கணக்குத் திறந்த நேரம் எங்கள் நாட்டில் பேபாலால் காசு அனுப்பலாம், வாங்க ஏலாது. ஆகவே கல்லடியில் பாடுகிறவனின் வருமானம் சூரிச்சிலுள்ள சித்தப்பா மகளின் கணக்கில் விழுந்து, அவளிடம் யாராவது ஊருக்கு வருகிறார்களா என்று பார்த்து, சொக்லேற்றோடு சேர்ந்து வந்தது. கொண்டக்டரின் மடிப் பார்சலுக்கு இதைவிட வேகம் இருந்தது. அந்தப் பான்ட்காம்ப்பையும் 2022இல் ஒரு கேம் கம்பனி வாங்கி, அடுத்த வருஷமே இன்னொன்றுக்கு விற்றது. வேலை செய்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள்.

சுயாதீன லேபல் என்றால் தர்மம் தானாக வந்து உட்காரும் என்றும் இல்லை. ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்தபோது எங்கள் ஊர் முச்சக்கர வண்டிகளெல்லாம் அதைத்தான் பாடின. அதை வெளியிட்டது மாஜா என்ற சுயாதீனத் தளம், பக்கபலமாக நின்றவர் ஏ. ஆர். ரகுமான். 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று காணொளியில் சொன்னார். யார் பக்கக் கணக்குச் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. உலகமே கேட்ட பாட்டுக்கே அந்தக் கதி என்றால் வசந்தனுக்கு என்ன என்றுதான் அன்றைக்கு யோசித்தேன்.

வசந்தனுக்கு நடந்தது இது. பிஸ்கட் டின் நாடாவை மருமகனும் நானும் போன வருஷம் எடுத்தோம். பூஞ்சணம் வெள்ளையாகப் படிந்திருந்தது, அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருந்தது. நாடாவை வேறொரு கசெட் ஓட்டுக்கு மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஹெட்டின் ஓரத்திலுள்ள சின்னத் திருகாணியைச் சல்லாரி துல்லியமாகக் கேட்கும்வரை மாமாவே கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். காது மந்தம் என்கிறார்; சல்லாரிக்கு மட்டும் இல்லைப் போலும். ஒரு துண்டை யூடியூப்பில் போட்டோம். இரண்டே நாளில், இது இன்னொருவரின் உரிமை என்று அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் யாரோ அதே மெட்டைத் தாளம் சேர்த்து ரீமிக்ஸ் பண்ணி, விநியோகத் தளம் வழியாக, உரிமையுள்ள ஒலியைத் தானாக அடையாளம் காணும் யூடியூப்பின் கொன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தார். இயந்திரம் மெட்டைக் கேட்டது. எது முதல், எது பின் என்று அதற்குத் தெரியாது. மறுப்பு எழுதினோம். பதில் சொல்ல அவருக்கு முப்பது நாள். இருபத்தாறாம் நாள் கைவிட்டார்.

பாட்டு ஒரு சொத்து. அந்தப் பாட்டைப் பாடிப் பதிந்த ஒலி வேறொரு சொத்து. வசந்தன் மெட்டு ஊருடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு என்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. 1994இல் அந்தக் களரியில் எழுந்த ஒலி, அங்கே நின்றவர்களுடையது. இதைப் பிரித்து விளங்கிக்கொள்ளவே எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது.

விநியோகத் தளத்தின் படிவத்துக்கு வந்தோம். பாடியவர் பெயர் கட்டாயம். அண்ணாவியாரின் பெயர் தெரியும், அவர் காலமாகிவிட்டார். பிற்பாட்டுக்காரர்கள்? அண்ணாவியாரின் மகளிடம் போனோம். ஹெட்போனை வேண்டாமென்றார், தொலைபேசியைக் காதில் வைத்து, யாரோ அழைத்துப் பேசுகிற மாதிரிக் கேட்டார். “முதல்ல இழுக்கிற ஆள் எங்கட சித்தப்பா. அவருக்குப் பின்னால ஒருவர் பிந்திப் பிந்திப் பாடுறாரே, அவர் நாவலடி ஆள், கடலோட போனவர்.” திரும்பத் திரும்பப் போடச்சொன்னார். ஏழு குரலில் ஐந்துக்குப் பெயர் வந்தது. இரண்டுக்கு வரவில்லை. அந்த இருவரையும் கண்டுபிடிக்க மூன்று மாதம் திரிந்தோம். ஒருவர் களுவாஞ்சிக்குடியில் இன்னும் இருக்கிறார், தான் பாடியதே அவருக்கு மறந்துவிட்டது. மற்றவருக்குப் ‘பெயர் தெரியாத ஒருவர்’ என்று போட்டோம். அண்ணாவியாரின் மகளோடு ஒற்றைத் தாளில் பங்கையும் எழுதிக் கையொப்பம் வைத்தோம். எட்டு மாத வருமானம் இதுவரை 11 டொலர் சொச்சம். அவருக்கு அது பொருட்டில்லை. சிப்பில் ஏற்றித் தரச்சொன்னார், மகனின் ஓட்டோவில் போட.

ஏற்றுவதற்கு முன் இரண்டு தடங்கல். படிவத்தில் ‘லேபல்’ என்றொரு கட்டம். மருமகன் மாமாவின் பழைய கடைப் பெயரை அடித்தான். மாமா பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றது அட்டைப்படம். 1994 மட்டையை ஸ்கான் பண்ணி அனுப்பினோம். படத்திலுள்ள எழுத்தும் படிவத்திலுள்ள பெயரும் ஒத்துவரவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

“அப்ப புதுசா எழுதித் தாறன்” என்றார் மாமா. 74 வயது, கை நடுங்குகிறது. சிவப்புப் பேனை, நீலப் பேனை இரண்டும் வாங்கிக் கொடுத்தோம்.

“சதுரமா வேணும் மாமா.”

“கசெட் மட்டை சதுரமில்லையே மகன்.”

ஆனாலும் சதுரத்தில் எழுதினார். படத்தின் பெயருக்கென்று வைத்திருந்த சிவப்பில் அண்ணாவியாரின் பெயர். நீலத்தில் ஏழு பேர், ஒன்றன்கீழ் ஒன்றாக. ‘ழ’வின் வால் அடுத்த வரிக்குள் இறங்கியது. எழுதி முடித்து, பேனையை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“பக்கத்தில மிச்சம் எத்தின நிமிசம் வருது?”

“பக்கம் எண்டு ஒண்டும் இல்ல மாமா. முடிஞ்சா அடுத்தது தானா வரும்.”

“ஆர்ர பாட்டு?”

“அது கொம்பியூட்டரே பாத்துப் போடும்.”

மாமா சதுரத்தின் அடியில் மிஞ்சிய வெள்ளை இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்கு ஆரையம்பதி தெரியுமா?” என்று கேட்டார்.